தலைமுடியும் சூடும்

உங்கள் தலைமுடி ஒன்றை எடுத்து இரு விரல்களால் உருவிப் பாருங்கள். வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேர்ப்பக்கம் உருவினால் சற்றுச் சொரசொரக்கும். ஏன் இந்த வேறுபாடு?

முடியின் மேற்பரப்பில் மெல்லிய செதில்கள் கூரை ஓடுகளைப்போல அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் விளிம்புகள் நுனியை நோக்கியிருக்கின்றன. செதில்களின்மேல் ஒரு கொழுப்புப் படலம் உண்டு. உள்ளே கெரட்டின் என்னும் புரத இழைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

சூடு செய்யும் வேலை

கெரட்டின் இழைகளைப் பிடித்துவைக்கும் பிணைப்புகளுள் கந்தக அணுக்களின் பிணைப்பு வலிமையானது. ஹைட்ரஜன் பிணைப்போ நீர் பட்டாலே அறுந்து, உலரும்போது மீண்டும் உண்டாகும். சுருள்முடியை நனைத்து, இழுத்துக் காயவைத்தால் நேராக நிற்பதும், ஈரக்காற்றில் மறுபடி சுருள்வதும் இதனால்தான். முடி ஈரத்தை ஏற்று நீளவும் செய்யும். ஜெனீவா அறிஞர் சொசூர், மனித முடியைக்கொண்டு தாம் செய்த ஈரப்பதமானியைப் பற்றி 1783-இல் நூலே எழுதினார்.

முடியை நேராக்கும் மின்கருவிகள் பல 200 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடாகும். ஈரமுடியில் இச்சூடு பட்டால், உள்ளிருக்கும் நீர் திடீரென ஆவியாகிக் குமிழ்களை உண்டாக்கும். அந்த இடத்தில் முடி எளிதில் ஒடியும். செதில்கள் விரிசல்விட்டு எழும்பும். எழும்பிய செதில்கள் ஒன்றோடொன்று சிக்குவதால் முடி வறண்டு, பரட்டையாகத் தோன்றும்.

புட்டியில் இருப்பது மருந்தா?

'முடிக்கு ஊட்டம் தரும்' என்று விளம்பரங்கள் சொல்கின்றன. தலைத்தோலுக்கு வெளியே உள்ள முடியில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல முடியின் பழுது ஆறாது.

அப்படியானால் கண்டிஷனர் வீணா? வீணல்ல. பழுதுபட்ட முடியில் எதிர் மின்னூட்டம் மிகுதி. கண்டிஷனரில் உள்ள நேர் மின்னூட்ட மூலக்கூறுகள் அங்கே ஒட்டிக்கொண்டு உராய்வைக் குறைக்கின்றன. சீப்பு எளிதாக ஓடும். முடி ஒடிவது குறையும். ஆனால் இது மேற்பூச்சுத்தான். தலைகுளிக்கக் குளிக்கக் கழுவிப்போகும்.

தேங்காய் எண்ணெயோ முடிக்குள்ளும் ஊடுருவும். குளிக்குமுன் தடவினால் புரத இழப்பு குறைவதாக 2003-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. அதைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்களே சோதியுங்கள்

முடி வெட்டும்போது கிடைக்கும் நீண்ட கற்றையை இரண்டாகப் பிரித்து, வேர்ப்பக்கம் நூலால் கட்டுங்கள். இரண்டையும் ஒரே ஷாம்பூவால் கழுவுங்கள். ஒன்றுக்கு மட்டும் கண்டிஷனர் தடவி அலசுங்கள். நிழலில் உலர்த்துங்கள். பின்பு நண்பனின் கண்ணைக் கட்டி, எது வழவழப்பானது என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் கற்றைகளை மாற்றி மாற்றி 10 தடவை கேட்க வேண்டும். வெறும் ஊகத்திலேயே 5 விடைகள் சரியாக அமையலாம். 9 அல்லது 10 சரியானால்தான் வேறுபாடு மெய் எனலாம். விலை உயர்ந்த புட்டியையும் மலிவானதையும் இவ்வாறே ஒப்பிடலாம்.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். ஆகவே 20 செ.மீ. முடியின் நுனிக்கு வயது ஒன்றரை ஆண்டுக்கு மேல். கருகிய நுனியை வெட்டிவிடுங்கள். ஈரமுடியில் சூட்டுக்கருவியை வைக்காதீர்கள். பிறவியிலேயே சுருண்ட முடி என்றால், அது பழுதன்று. அதற்கு மருந்தும் தேவையில்லை.