நினைவும் ஏடும்

ஒரு பொருளை நினைவில் வைத்தல் வேறு. ஏட்டில் எழுதி வைத்தல் வேறு. முன்னது விரைவுடையது, பின்னது நிலைபேறுடையது. இவ்விரண்டினுள் எதனிடத்து எதனை வைத்தல் தகும் என்னும் வினா, ஓலையும் எழுத்தாணியும் வழங்கிய காலத்திலேயே கற்றார் முன் நின்றது. இன்று அதே வினா நம் மேசைமீதுள்ள கணினியினுள்ளும் புகுந்து நிற்கின்றது.

கணினியைப் பற்றிப் பண்டிதன் ஒருவன் பேசுவது எற்றுக்கு என அன்பர் சிலர் வினவலாம். பழைய நூல்களைப் படியெடுத்து மின்னேடாக்கும் தொண்டு இன்று தமிழ் கற்றார் யாவர்க்கும் பொதுவாயிற்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. ஒரு படியே உள்ள நூல் இல்லாத நூலுக்குச் சமம் என்பதை அன்று கற்றோம். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் செயற்றிட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பேணி, யாவரும் விலையின்றிப் படிக்கத் தந்து வருகின்றது. அதனைக் கண்டு, தம் வீட்டு அலுமாரியிலுள்ள நூல்களைத் தாமே படியெடுக்க முற்படும் ஆசிரியர்களும் உளர்.

அவர்கள் கையிலுள்ள கணினியோ பெரும்பாலும் பழையது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் விலை சில மாதங்களுள் 360 ரூபாவளவுக்கு ஏறியது. அதனோடு புதுக் கணினி என்னும் எண்ணமும் பலர்க்குக் கனவாயிற்று. ஆகவே, உள்ள கணினியை விரைந்தியங்கச் செய்யும் உபாயங்களை நாடவேண்டியவராயினோம். அவ்வுபாயங்களுள் ஒன்று, வாளா கிடக்கும் நினைவகத்திற் சிறிது பகுதியைத் தட்டாக்கிக் கொள்வது. அதன் இயல்பையும், அதனால் யான் இழந்ததையும் இங்குக் கூறுவேன்.

கணினியில் இருவகைச் சேமிப்பிடம் உண்டு. ஒன்று 'றாம்' என வழங்கும் நினைவகம், மற்றையது வன்தட்டு. ஆசிரியர் ஒருவரின் மேசையையும் அலுமாரியையும் இவற்றுக்கு உவமையாகக் கொள்ளலாம். மேசைமேல் விரித்த நூலைக் கண் இமைக்குமுன் பார்க்கலாம். அலுமாரியிலுள்ள நூலையோ எழுந்து சென்று, கதவு திறந்து, தேடி எடுத்து வரல் வேண்டும். ஆயின், இரவில் மேசை துடைக்கப்படும், அலுமாரி பூட்டப்படும்.

இவ்விரண்டன் விரைவும் பெரிதும் வேறுபட்டவை. பழைய மடிக்கணினிகளில் உள்ள வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிசெக்கன் செல்லும். வேண்டிய இடத்துக்கு ஊசி நகர்ந்து, அவ்விடம் ஊசியின்கீழ் வருமளவும் காத்திருக்க வேண்டியிருத்தலின், ஒரு கோப்பைத் தேடத் தொடங்குதற்கே பத்து மில்லிசெக்கனுக்கு மேலாகும். நினைவகத்திற் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. அங்கு ஓரிடத்தை அடைய ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கு போதும். இலட்சம் மடங்கு வேறுபாடு என்றால் மிகையன்று.

இனி, நினைவகத் தட்டாவது யாது? மேசையின் ஒரு மூலையைக் கோடிட்டுப் பிரித்து, 'இதுவும் அலுமாரியின் ஒரு தட்டு' எனப் பெயர் எழுதி ஒட்டுதல் போல்வது. சிறு மென்பொருள் ஒன்று நினைவகத்தின் ஒரு பகுதியை ஒதுக்கி, அதனை வன்தட்டேயெனப் பிற மென்பொருள்கட்குக் காட்டும். அவை அதனை மெய்யென்றே நம்பி, கோப்புகளை அங்கு எழுதும், அங்கிருந்து படிக்கும். இத்தகையவற்றை 'மெய்நிகர்' என்னும் சொல்லாற் குறிக்கின்றோம். நிகர்ப்பது மெய்யாகாது என்னும் எச்சரிக்கை அச்சொல்லினுள்ளேயே அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது.

இவ்வுபாயம் புதியதன்று. 1984ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 'டொஸ்' இயங்குதளத்தின் மூன்றாம் பதிப்பிலேயே இதற்கான கருவி இருந்தது. நெகிழ்தட்டுகள் ஆமைபோல் இயங்கிய அக்காலத்தில் அது பெருநன்மை செய்தது. பின்னர் 32 பிற்று இயங்குதளங்கள் வழங்கியபோது இதற்குப் பிறிதொரு பயனும் தோன்றியது. அவை எண்ணக்கூடிய முகவரிகள் 4,294,967,296 மாத்திரமே. அதாவது 4 கிகாபைற்று. அவற்றிலும் ஒரு பகுதி திரை முதலிய உறுப்புகட்குப் போய்விடும். எனவே, 4 கிகாபைற்று நினைவகம் பூட்டிய கணினியில் 3 முதல் 3.5 வரையே வின்டோஸ் கண்ணுக்குப் புலப்படும். விலை கொடுத்து வாங்கிய எஞ்சிய பகுதி, பூட்டிய அறையிற் கிடக்கும் நெல் மூடைபோலப் பயனின்றிக் கிடக்கும். சில மென்பொருள்கள் அவ்வெஞ்சிய பகுதியையே தட்டாக்கித் தந்தன.

என் பழைய கணினியும் அவ்வகையினதே. முன்னாள் மாணாக்கர் ஒருவர் ஒருநாள் வந்து 512 மெகாபைற்று அளவில் ஒரு தட்டு அமைத்து, அதற்கு ஆங்கில எழுத்துகளுள் 'ஆர்' என்பதைப் பெயராக இட்டார். "ஐயா, ஸ்கான் செய்யிற படங்கள் முதலிலை இதுக்கை விழட்டும். வேலை முடிஞ்சதும் வன்தட்டுக்கு மாத்திவிடுங்கோ. வேறையொண்டும் இதுக்கை வைக்காதேங்கோ" என்று சொல்லிச் சென்றார்.

அவர் சொன்னதன் காரணத்தைப் பின்பு கணக்கிட்டு உணர்ந்தேன். ஏ-4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கருமை வெண்மைச் சாயலிற் படமெடுத்தால் 87 இலட்சம் புள்ளிகள் ஆகும். சுருக்காவிடின் 87 இலட்சம் பைற்று. அப்படத்தை நேராக்கவும், கறை நீக்கவும், எழுத்துணரவும் முற்படுகையில் இடைக்காலக் கோப்புகள் பல தோன்றி மறையும். மறைந்தொழிவனவற்றை விரைவுத் தட்டில் வைத்தல் பொருத்தமே. ஒவ்வொரு பக்கத்துக்கும் காத்திருந்த நேரம் கண்கூடாகக் குறைந்தது.

அவ்விரைவு கண்டு மயங்கினேன். அந்நாளில், எண்பது கடந்த என் ஆசிரியர் ஒருவர், நன்னூற் சூத்திரங்கட்குத் தாம் இளமையிற் கேட்ட பாட விளக்கங்களை நினைவிலிருந்து சொல்ல, யான் எழுதி வந்து, வீட்டிற் கணினியிற் பதித்து வந்தேன். ஒரு மாலை, மடிக்கணினியையே அவர் இல்லத்துக்குக் கொண்டு சென்று, அவர் சொல்லச் சொல்ல நேரே பதித்தேன். கோப்பை 'ஆர்' தட்டிலேயே சேமித்தேன். மாணாக்கரின் எச்சரிக்கையை மறந்தேன். இருபது பக்கம் ஆயிற்று. வெளியே ஐப்பசி மழை, மின்சாரம் நின்றது. பழைய மின்கலம் ஒரு நிமிடமும் தாங்கவில்லை.

வெளிச்சம் மீண்டபின் கணினியைத் திறந்தேன். நம்மூர்ப் பேச்சில் 'ஆர்' என்பது 'யார்' என்னும் வினாவன்றோ? அத்தட்டும் என்னை அறியாதது போல் "ஆர்?" என்று வினவி வெறுமையாய் நின்றது. மறுவாரம் ஆசிரியரிடம் சென்று தலை குனிந்தேன். "அதுக்கென்ன தம்பி, இன்னொருக்காச் சொல்லுவம்" என்றார். சொன்னார். ஆனால் முன்னர்க் கூறிய இரண்டு உதாரணங்கள் அவர் நினைவுக்கு வரவேயில்லை. எனக்கும் வரவில்லை. அவை போயின போயினவே.

என் பேதைமை யாதெனில் இதுவே: தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுனிகோட் முறையிற் பெரும்பாலும் மூன்று பைற்றுக் கொள்ளும். பக்கத்துக்கு 2,000 குறி எனின், இருபது பக்கமும் 1,20,000 பைற்றே. படமெடுத்த ஒற்றைத் தாளின் எழுபதில் ஒரு பங்கும் அது வராது. பழைய வன்தட்டும் அதனை ஒரு நொடியில் எழுதி முடிக்கும். பெறற்கரிய பொருள் அளவிற் சிறியதாயிருந்தது. அதற்கு விரைவு வேண்டியதேயில்லை. விரைவு வேண்டாத பொருளை விரைவுத் தட்டில் வைத்து இழந்தேன்.

இவ்விடத்து மேலைப்புலோலி சதாவதானி நா. கதிரைவேற்பிள்ளை அவர்களை நினைக்கின்றேன். 1871இற் பிறந்து 1907இல் மறைந்த அவர், திரு. வி. க.வுக்குத் தமிழாசிரியராக விளங்கியவர். ஒரே வேளையில் நூறு பொருளிற் கருத்தூன்றும் சதாவதானம் அவருக்கு அடைமொழியாயிற்று. அந்நினைவாற்றலைக் கண்டு வியந்த அவைகள் கலைந்தன, கண்டவர்களும் இன்றில்லை. அவர் தொகுத்த அகராதியோ இன்றும் நம் கைக்கு எட்டுகின்றது. நினைவு அவரோடு சென்றது. எழுதியது நம்மோடு நின்றது.

ஆகவே, இவ்வுபாயத்தைக் கையாள்வோர் மூன்றனைக் கருதுக. முதலாவது, தட்டைப் பெரிதாக்கி நினைவகத்தை வறிதாக்கலாகாது. மேசை முழுவதும் அலுமாரியானால் எழுதுதற்கு இடமெங்கே? இடம் போதாக் கணினி வன்தட்டையே நினைவகமாக்க முயன்று, முன்னிலும் தாமதிக்கும். இரண்டாவது, இன்றைய இயங்குதளங்கள் எஞ்சிய நினைவகத்தைத் தாமே பயன்கொள்ள வல்லன. அடிக்கடி படிக்கும் கோப்புகளை அங்கு நிறுத்திவைக்கின்றன. ஆதலின், இடைக்காலக் கோப்பு மிகுந்த பணிகட்கன்றி இத்தட்டாற் பெரும்பயன் இல்லை. சுழலும் வன்தட்டை நீக்கித் திண்மநிலைத் தட்டு ஒன்றைப் பூட்டுதல், இயலுமாயின், இதனினும் நன்று. மூன்றாவது, மீட்டும் பெறமுடியாத எதனையும் இத்தட்டில் வைத்தலாகாது. கணினியை நிறுத்தும்போது தட்டிலுள்ளதைத் தானே வன்தட்டில் எழுதிவைக்கும் மென்பொருள்களும் உள. திடீரென மின்சாரம் அற்றுப்போனால் அவையும் உதவா.

என் ஆசிரியர் இன்று இல்லை. அவர் சொன்னவற்றுள் வன்தட்டில் எழுதியவை உள்ளன. வேறிரண்டு இடங்களிற் படியும் வைத்துள்ளேன். உங்கள் ஊரிலும் பாடமும் பதமும் நினைவிற் கொண்ட முதியோர் ஒருவரேனும் இருப்பர். அவரிடம் செல்லுங்கள், கேளுங்கள், கேட்டதை அன்றே எழுதுங்கள். எழுதியதை எங்கே சேமித்தோம் என்பதை, எழுந்து வருமுன் ஒருமுறை பாருங்கள்.