வாள் போச்சு, உளி போகலே!

செம்புத் தகட்டுக்குக் கறுப்பு நிறம் வேண்டுமென்றால் நாம் என்ன செய்வோம்? பெயின்ட் அடிப்போம், இல்லேன்னா பிளேட்டிங் போடுவோம். ஜப்பானியக் கைவினைஞர்களோ நிறத்தை அலாய்க்குள்ளேயே ஒளித்து வைத்தார்கள்!

செம்போடு 100-க்குச் சுமார் 4 பங்கு தங்கம் சேர்த்து உருக்கினால் கிடைப்பது 'ஷாகுடோ'. பார்வைக்கு வெறும் செம்புதான். அதை மெருகேற்றி, துருவிய முள்ளங்கியில் தோய்த்து (நம்ம சாம்பார் முள்ளங்கியின் இனம்தான்!), செம்புக் களிம்பும் மயில்துத்தமும் கரைத்த நீரில் கொதிக்கவிட்டால், நீலம் பாய்ந்த கறுப்பு வந்துவிடும். நாலில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த 'ஷிபுயிச்சி' அதே நீரில் சாம்பல் நிறமாகும். தங்கம் மட்டும் மாறாது. ஆக, எல்லாவற்றையும் ஒரே தகட்டில் பதித்து ஒரே பாத்திரத்தில் கொதிக்க வைத்தால், பல வண்ணப் படம் ரெடி!

இந்த வித்தை செழித்தது சாமுராய்களின் வாளில். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே வரும் 'ட்சுபா' தகட்டில்தான் பூவும் பறவையும் செதுக்கினார்கள்.

உலோகத் தொழிலாளிக்கு இன்னொரு பெரிய வாடிக்கையாளர் புத்தர் கோயில். கூகாய் என்ற துறவி 806-ல் சீனாவிலிருந்து திரும்பும்போது வஜ்ரம், மணி போன்ற பூஜைப் பொருட்களைக் கொண்டு வந்தார். இப்படிப்பட்டவற்றை வெண்கலத்தில் வார்த்து, பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசிச் சூடாக்குவார்கள். பாதரசம் ஆவியாகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புகையோ விஷம்!

பிறகு அடிமேல் அடி. 1868-ல் ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க அரசு உத்தரவிட்டது. அதையொட்டிப் பல கோயில்கள் இடிக்கப்பட்டன, பூஜைப் பொருட்கள் உலைக்குப் போயின. 1876-ல் வாள் அணியவே தடை. பலர் தொழிலை இழந்தார்கள்.

ஆனால் சிலர் வேலையை மாற்றினார்கள், வித்தையை விடவில்லை. வாள் தகடு செதுக்கிய கானோ நட்சுவோ, ஜப்பானின் புதிய யென் நாணயங்களுக்கு மூல அச்சு செதுக்கினார். பின்னர் டோக்கியோ கலைப் பள்ளியில் பேராசிரியரும் ஆனார். சுசுகி சோகிச்சியின் 12 உலோகப் பருந்துகள் 1893 சிகாகோ கண்காட்சியில் இடம்பெற்றன. அவற்றிலும் அதே ஷாகுடோ, அதே ஷிபுயிச்சி! தகாவொகா ஊரில் இன்றைக்கும் கோயில் மணி வார்க்கிறார்கள்.

நாம் இன்று பழகும் மெஷின் நாளை இருக்குமோ, இருக்காதோ! மெஷினை ஓட்ட மட்டும் கத்துக்கிட்டா போதாது நண்பர்களே, மெட்டீரியலின் குணத்தையும் கற்போம். அது எந்த வேலைக்குப் போனாலும் நம்மோடு வரும்.