உங்களுக்குத் தெரியுமா? மேசைமேல் ஒரு கார் பட்டறை

▪ பிளாஸ்டிக் மாடல் கார்களில் ஜப்பானியத் தயாரிப்புகள் பெரும்பாலும் 1/24 அளவு. அமெரிக்கத் தயாரிப்புகள் 1/25. 4.3 மீட்டர் நீளமுள்ள கார் 1/24 அளவில் சுமார் 18 செ.மீ. ஆகிவிடும்.

▪ 1976இல் வந்த 1/12 அளவு ‘போர்ஷே 934’ மாடலைத் துல்லியமாக வடிக்க, ஜப்பானின் டமியா நிறுவனம் நிஜ போர்ஷே 911 காரையே வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பார்த்தது.

▪ மாடல் சிமென்ட் வெறும் பசை அல்ல. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் விளிம்புகளைக் கரைத்து, இரண்டு பாகங்களையும் ஒன்றாக உருக்கிச் சேர்த்துவிடும்.

▪ கண்ணாடிகளை ஒட்ட சூப்பர் குளூ ஆகாது. அதன் ஆவி வெள்ளையாகப் படிந்துவிடும். காய்ந்தால் தெளிவாகிவிடும் வெள்ளைப் பசையே நல்லது.

▪ கதவு இடுக்கில் நீர்த்த கறுப்புப் பெயின்ட்டைத் தூரிகை நுனியால் தொட்டால் போதும். நுண்புழை விசையால் அதுவே கோடு நெடுக ஓடி, கதவைத் தனியாக எடுத்துக்காட்டும்.

▪ பாகங்களைக் கிள்ளியெடுத்தபின் மிஞ்சும் சட்டக் குச்சியும் வீணாகாது. மெழுகுவத்தித் தீக்கு மேலே காட்டி, இளகியதும் இழுத்தால் முடி போல நீளும். ரேடியோ ஆன்டெனா தயார்!