சென்னை – கோலாலம்பூர்: நான்கு மணி நேரமும் ஒரு முகூர்த்தமும்

திருக்குடமுழுக்கு என்றால் தமிழகத்திலிருந்து சிவாச்சாரியார்களையும் நாதசுரக் குழுவினரையும் வரவழைப்பது நம் நாட்டு ஆலயங்களில் வழக்கமாக இருந்து வருகின்றது. அவர்களுடைய பயணச்சீட்டுகளை ஏற்பாடு செய்வது செயலாளரின் பொறுப்பு. அப்பொறுப்பில் அடியேன் ஒரு முறை கடிகாரத்திடம் ஏமாந்து போனேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆலயக் குடமுழுக்கிற்குத் தலைமை சிவாச்சாரியார் சென்னையிலிருந்து இரவு 11.50 மணி விமானத்தில் புறப்பட்டார். நான்கு மணி நேரப் பயணந்தானே, விடியற்காலை நான்கு மணிக்குள் இறங்கிவிடுவார், எட்டு மணிக்குக் கணபதி ஹோமத்தில் அமர்ந்துவிடுவார் என்று கணக்கிட்டு, அழைப்பிதழையும் அச்சிட்டுவிட்டோம். அவர் இறங்கியபோது காலை மணி ஆறே கால் தாண்டிவிட்டது. குடிநுழைவுச் சோதனை, பூஜைப் பொருள் பெட்டிகளுக்குச் சுங்கச் சோதனை, சிப்பாங்கிலிருந்து நகருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை, அதிலும் வேலைநாள் நெரிசல்! முகூர்த்தம் தவறக்கூடாதென்று எங்கள் ஆலய அர்ச்சகரே சங்கல்பம் செய்து தொடங்கினார். ஒன்பது மணிக்கு மேல் வந்து சேர்ந்த பெரியவர், "விமானம் சரியான நேரத்திற்குத்தான் வந்தது" என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிழை எங்கே? இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் மூன்று மணி நேரம். ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் நகரவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் நான்கு மணி நேரத்தை ஒட்டி வரும். அக்கணக்கு சரியே. ஆனால் நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆகவே சீட்டிலுள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பார்த்தால், போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது ஆறரை மணி நேரம் என்று தோன்றும். 1982 ஜனவரி முதல் நாளில் நாம் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தும் வரை இவ்வேறுபாடு இரண்டு மணி நேரமாகவே இருந்தது.

எங்கள் தந்தையார் 'ரஜூலா' கப்பலில் வந்தவர். ஏறக்குறைய ஒரு வாரக் கடற்பயணத்தில் இரண்டு மணி நேரத்தை யார் பொருட்படுத்துவார்? பின்னர் ஓடிய 'சிதம்பரம்' கப்பலும் 1985இல் தீ விபத்துக்குள்ளான பின், விமானமே வழி என்றாகிவிட்டது.

பஞ்சாங்கத்திலும் இதே குழப்பம் உண்டு. சென்னைப் பஞ்சாங்கத்தில் திதியும் நட்சத்திரமும் முடியும் நேரத்தோடு இரண்டரை மணி கூட்டிக்கொண்டால் போதும். இராகு காலமோ சூரிய உதயத்தைப் பொறுத்தது. இங்கே சூரியன் சென்னையைவிடச் சுமார் ஒன்றரை மணி நேரமே முன்னதாக உதிக்கின்றது. எனவே அதற்கு இரண்டரை மணியைக் கூட்டுவது தவறாகும். உள்ளூர் உதயத்தைக் கொண்டே கணிக்க வேண்டும். ஆலயப் பொறுப்பாளர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை என்பது என் அனுபவம்.

இப்போதெல்லாம் விருந்தினரை இரண்டு நாள் முன்னதாகவே வரவழைத்துவிடுகின்றோம். தங்கும் செலவு கூடுகின்றதென்று பொருளாளர் முணுமுணுக்கத்தான் செய்கின்றார்.