டீக்கடை பாய்லர் எப்படி இயங்குகிறது?

மதுரையில் எதிர்சேவை முடிந்து அழகர் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கும் சித்திரை இரவில், கூட்டத்துக்கு ஈடுகொடுப்பவை டீக்கடைகள். பழைய கரி பாய்லர் உள்ள கடையில் நிற்க நேர்ந்தால் அதன் அமைப்பைக் கவனியுங்கள். நின்ற வாக்கில் ஒரு செம்பு உருளை. அதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய், குழாய்க்குள் தணல். குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் இடைப்பட்ட வளையத்தில் தண்ணீர்.

நெருப்பு நடுவில் இருக்க, ஓரத்துத் தண்ணீர் எப்படிச் சுடுகிறது? வெப்பத்தைக் கடத்துவதில் செம்பைவிடத் தண்ணீர் 600 மடங்குக்கும் மேல் மந்தம். அசையாமல் கிடந்தால் ஓரம்வரை சூடு போய்ச்சேர நெடுநேரமாகும். அதனால் தண்ணீரே புறப்பட்டுப் போய்ச் சூட்டைச் சேர்க்கிறது.

30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரின் எடை சுமார் 996 கிராம். 80 டிகிரியில் 972. இந்த 24 கிராம் போதும். குழாயை ஒட்டிய தண்ணீர் விரிந்து, லேசாகி, மேலேறுகிறது. உச்சியில் வெளிப்பக்கமாகப் பரவுகிறது. குளிர்ந்து கனத்த தண்ணீர் வெளிச்சுவரோரம் இறங்கி, அடியில் மறுபடி குழாயிடம் வருகிறது. கொதிக்கும் உலையில் அரிசி ஒருபுறம் எழும்பி மறுபுறம் அமிழ்வதும் இதே சுழற்சிதான். உள்ளே ஓடும் தண்ணீரின் வழியை அரிசி காட்டிக்கொடுக்கிறது. இதற்குப் பெயர் இயற்கை வெப்பச்சலனம்.

சூடேறச் சூடேற ஓட்டம் வேகமெடுக்கும். ஏனெனில் ஓட்டத்தைத் தடுக்கும் தண்ணீரின் பிசுக்குமை, 20 டிகிரியில் இருப்பதைவிட 80 டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் இடைவெளி. சுழற்சியின் வலுவைச் சொல்லும் ரேலி எண், இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. இடைவெளி இரட்டித்தால் எண் எட்டு மடங்கு. மிகக் குறுகினால் ஏறும் நீரும் இறங்கும் நீரும் ஒன்றையொன்று தடுத்து, சுழற்சி ஏறக்குறைய நின்றுபோகும். அளவறிந்து இடம் விட்ட கன்னாரின் கைக்கணக்கில் இந்த இயற்பியல் முழுதும் இருக்கிறது.

பிளாஸ்கும் ஒன்றுக்குள் ஒன்றான இரட்டைச் சுவர்தான். 1892-இல் ஜேம்ஸ் டூவர் அந்த இடைவெளியிலிருந்து காற்றை வெளியேற்றினார். சுழல எதுவும் இல்லாததால் சூடு உள்ளேயே தங்கியது.

பாய்லர் வைத்திருப்பவர்கள் நடுக்குழாயில் உப்புப் படியவிடக் கூடாது. அந்தப் படிவு செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மந்தமாகச் சூட்டைக் கடத்தும், இடைவெளியையும் குறுக்கும். அதைச் சுரண்டி எடுத்தாலே கரி மிச்சமாகும்.