அப்பத்தா சிபாரிசு



‘அரசாங்க முடிவுகளில் ஓங்கி நிற்பது மக்கள் குரலா, மறைமுகச் செல்வாக்கா?’ என்பது தலைப்பு. மறைமுகச் செல்வாக்கே என்று பேச வந்திருக்கிறேன். இதற்கு இங்கிலீஷ்காரன் ‘லாபி’ என்று பெயர் வைத்தான். லாபி என்றால் சபைக்கு வெளியே இருக்கிற கூடம். உள்ளே போய் ஓட்டுப் போடப் போகிற உறுப்பினரை அந்தக் கூடத்தில் நிறுத்தி, காதோடு காதாகப் பேசுவது. இடத்தின் பெயரே தொழிலுக்கும் பெயராகிவிட்டது.

இது டெல்லியில்தான் நடக்கிறது என்று நினைக்காதீங்க. நம்ம வீட்டிலேயே நடக்கிறது. பையனுக்கு சைக்கிள் வேணும். அப்பாகிட்டக் கேட்டால் உதை விழும். நேராக அப்பத்தாகிட்டப் போறான். ராத்திரி மகன் சாப்பிட உட்காரும்போது, ரசத்தை ஊத்திக்கிட்டே அப்பத்தா ஆரம்பிக்குது: “ஏஞ்சாமி, பையன் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போறானே, காலைப் பாத்தியா?” முடிஞ்சுதுங்க. மறுநாள் சைக்கிள் வந்தாச்சு! (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, அதே வீட்டில் ஒரு பொண்ணும் இருக்கு. அதுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் பணம் கட்டணும். அந்தப் பொண்ணுக்குப் பேச அப்பத்தா இல்லை. இருந்த காசு சைக்கிளுக்குப் போயிடுச்சு. அப்பா கெட்டவரா? இல்லை. அப்பத்தா கெட்டவங்களா? இல்லவே இல்லை. அந்தப் பொண்ணோட தேவை சோத்துத் தட்டுக்கிட்ட வரவே இல்லை. அவ்வளவுதான். லாபியின் ஆபத்து முழுக்க இதுக்குள்ளேயே இருக்கு. (கைதட்டல்)

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. கோவையில் நூற்பாலைகள், அவங்களுக்குத் தென்னிந்திய மில்கள் சங்கம் 1933-லிருந்து இருக்கிறது. பக்கத்தில் திருப்பூர்; அங்கே ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990-லிருந்து இருக்கிறது. 2010-ல் நூல் விலை ஏறிப் போச்சு. பனியன்காரர் சொல்றார், “நூலை வெளிநாட்டுக்கு அனுப்பாதீங்க, எங்களுக்குக் கொடுங்க.” மில்காரர் சொல்றார், “நல்ல விலை கிடைக்கிற இடத்தில் விற்கத்தானே மில் நடத்தறோம்?” இரண்டு பேரும் டெல்லிக்குப் போனாங்க. 2010-11-ல் மத்திய அரசு 72 கோடி கிலோ நூல்தான் ஏற்றுமதியாகலாம் என்று வரம்பு கட்டியது. அடுத்த நிதியாண்டில் வரம்பை எடுத்துவிட்டது.

கேட்டது தப்பா? தப்பில்லைங்க. டெல்லியில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு நாற்பதாம் நம்பர் நூலுக்கும் அறுபதாம் நம்பர் நூலுக்கும் வித்தியாசம் யார் சொல்வது? தொழில் தெரிந்தவர்தான் சொல்லணும். சங்கம் வைத்து முறையிடுவது ஜனநாயக உரிமை. இங்கே மில்லுக்கும் ஆள் இருந்தது, பனியனுக்கும் ஆள் இருந்தது. அதனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்க முடிந்தது. மறுத்துச் சொல்ல ஆளே இல்லாதபோது என்ன ஆகும்?

நொய்யலைக் கேளுங்க. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் சேருகிற ஆறு. பாசனத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. தண்ணீர் வரும் என்று காத்திருந்த விவசாயிக்கு வந்தது சாயக்கழிவு. “அணையைத் திறந்து விடுங்க” என்று சண்டை போடுகிற நாட்டில், “ஐயா, திறந்து விடாதீங்க” என்று கும்பிட்ட விவசாயிகளை இந்த மண்ணில்தான் பார்த்தோம். (சபையில் அமைதி)

பனியனால் அந்நியச் செலாவணி, லட்சக்கணக்கான பேருக்கு வேலை. எல்லாம் உண்மை. அந்த உண்மையைச் சொல்ல ஆள் இருந்தது. ஆறு செத்துக்கொண்டிருந்தது என்பதும் உண்மைதானே? அதைச் சொல்ல ஆற்றுக்கு ஏது சங்கம்? கடைசியில் பாசன விவசாயிகளே சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறையை நம்பியிருந்த தொழிலாளி வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. இரண்டு பக்கத்தையும் ஆரம்பத்திலேயே ஒரே மேசையில் வைத்துக் கேட்டிருந்தால் இந்த இரண்டு கண்ணீரும் தேவையா நடுவர் அவர்களே? (கைதட்டல்)

எதிரணி நண்பர் பெருமையாகச் சொன்னார், “நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் மாட்டுவண்டிகள் கோவையை நிறைத்தனவே, அது மக்கள் குரல் இல்லையா?” மக்கள் குரல்தான், நானும் கும்பிடுகிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். மின்கட்டணத்தைக் குறை என்று அந்த வண்டிகள் பட்டப்பகலில், நடுரோட்டில் வந்தன. யார் கேட்கிறார், என்ன கேட்கிறார் என்று ஊருக்கே தெரியும். பிடிக்காதவர் எதிர்த்துப் பேசலாம். கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதை யார் எதிர்த்துப் பேசுவது?

கதவு எவ்வளவு கெட்டியாகச் சாத்தியிருந்தது என்பதற்கும் கோவையே சாட்சி. 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பது வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பட்டியல் வெளியே வந்தது. அதிகம் வாங்கியவர் யார்? கோவை முகவரி கொண்ட ஒரு லாட்டரி கம்பெனி, 1,368 கோடி ரூபாய்! பதிலுக்கு இன்னது கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. நம்ம ஊர் முகவரியே நமக்குத் தெரியாமல் இருந்ததே, அதைத்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இந்தச் செல்வாக்கு இல்லையா? நிறைய இருக்கு. ஆனால் 1995-ல் போட்ட சட்டப்படி, கூலி வாங்கிக்கொண்டு லாபி செய்கிறவர் பெயரைப் பதிவு செய்யணும். யாருக்காக, எதற்காக, எவ்வளவு செலவு என்று கணக்குக் காட்டணும். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் கிடையாது.

அதனால் நான் கேட்பது சங்கங்களை மூடச் சொல்லி அல்ல. யார் வந்தார், என்ன கேட்டார் என்று எழுதி வைத்து ஊருக்குக் காட்டுங்கள். நமக்கும் வேலை இருக்குங்க. தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து கையில் இருக்கு. பத்து ரூபாயில் கேள்வி கேட்கலாம். கிராம சபைக்குப் போகலாம். நாம் போகாத இடத்துக்கு நமக்குப் பதிலாக வேறொருவர் போய்விடுவார்.

அப்பத்தா பேசட்டும். நல்லாப் பேசட்டும். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பொண்ணையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதுவரைக்கும் ஓங்கி நிற்பது மறைமுகச் செல்வாக்கே, மறைமுகச் செல்வாக்கே என்று சொல்லி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)