நீராவி என்ஜின்கள் மீண்டும் ஓடுமா?

புதுதில்லி: தில்லியிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில், ஹரியாணா மாநிலம் ரேவாரியில் 1893-இல் அமைக்கப்பட்ட நீராவி என்ஜின் பணிமனை, இப்போது அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. நாட்டின் அகலப் பாதைகளில் வழக்கமான நீராவி ரயில் சேவை 1995 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. ஆயினும், நவீனத் தொழில்நுட்பத்துடன் நீராவி என்ஜின்களை மீண்டும் இயக்க இயலுமா என்ற கேள்வி ரயில்வே ஆர்வலர்களிடையே இன்னும் ஓயவில்லை.

இறக்குமதி டீசலை நம்பியிராமல், உள்நாட்டு நிலக்கரியைக் கொண்டே ரயில்களை இயக்கலாம் என்பது அவர்களது வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், கணக்கு வேறுவிதமாக இருக்கிறது.

வீணாகும் வெப்பம்: பழைய நீராவி என்ஜின்கள், எரிக்கும் நிலக்கரியின் ஆற்றலில் 6 முதல் 8 சதவீதத்தை மட்டுமே இழுவைத் திறனாக மாற்றின. எஞ்சியது புகைபோக்கி வழியே வீணாயிற்று. அதே நிலக்கரியை அனல் மின் நிலையத்தில் எரித்தால் ஏறத்தாழ 35 சதவீத ஆற்றல் மின்சாரமாகிறது. வழியில் ஏற்படும் இழப்புகள் போக, மின்சார என்ஜினுக்குக் கிடைப்பது பழைய நீராவி என்ஜினைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். அகலப் பாதைகளில் 98 சதவீதத்துக்கும் மேல் மின்மயமாகிவிட்ட நிலையில், இந்த வாதம் மேலும் வலுவிழக்கிறது. சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரி, அடிக்கடி தண்ணீர் நிரப்ப வேண்டிய கட்டாயம், கொதிகலனைச் சூடாக்கப் பல மணி நேரக் காத்திருப்பு ஆகியவையும் தடைகளே.

நவீன முயற்சிகள்: இக்குறைகளைக் களைய முயன்றவர்களும் உண்டு. அர்ஜென்டினா பொறியாளர் லிவியோ தாந்தே போர்ட்டா, நெருப்புக்கு மேலாகக் கூடுதல் காற்றைச் செலுத்தி நிலக்கரியை முழுமையாக எரிக்கும் முறையை உருவாக்கினார். அவரது வழியில் டேவிட் வார்டேல் 1981-இல் தென்னாப்பிரிக்காவில் மாற்றியமைத்த "ரெட் டெவில்" என்ஜினில் நிலக்கரிச் செலவு கால் பங்குக்கும் மேல் குறைந்தது. ஆனால், அதற்குள் அந்நாட்டு ரயில்வே டீசலையும் மின்சாரத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டது.

ஸ்விட்சர்லாந்தில் நிலைமை வேறு. பிரியன்ஸ் ரோதார்ன் மலை ரயில் பாதைக்கு 1992 முதல் புதிய நீராவி என்ஜின்கள் வந்தன. எண்ணெயில் இயங்கும் இவற்றை ஒருவரே ஓட்டலாம். இரவில் மின்சாரத்தால் கொதிகலனைச் சூடாக வைத்திருக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்காகவே இயங்கும் பாதை என்பதால் இது சாத்தியமாயிற்று.

ஹைட்ரஜனா, நீராவியா?: இந்தியாவில் விவாதம் எழ வேண்டிய இடமும் இதுவே. டார்ஜீலிங், நீலகிரி, கால்கா-சிம்லா உள்ளிட்ட பாரம்பரியப் பாதைகளில் 35 ஹைட்ரஜன் ரயில்களை இயக்கும் திட்டத்தை மத்திய அரசு 2023-இல் அறிவித்தது. ஒரு ரயிலுக்கு ரூ.80 கோடி என மதிப்பிடப்பட்டது. ரயில்களுக்கு மட்டுமே ரூ.2,800 கோடி, ஒவ்வொரு பாதைக்கும் அடிப்படை வசதிகளுக்கு ரூ.70 கோடி தனி.

மேட்டுப்பாளையம்-குன்னூர் இடையே பல்சக்கரப் பாதையில் நீராவி என்ஜின் ஏறுவதைக் காணவே பயணிகள் வருகின்றனர். இம்மலை ரயிலுக்கு யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னத் தகுதி அளித்தது. இப்பாதைக்காக, நிலக்கரியில் இயங்கும் புதிய நீராவி என்ஜினை திருச்சி பொன்மலைப் பணிமனை 2021-இல் தயாரித்தளித்தது. புதிய என்ஜினை உருவாக்கும் ஆற்றல் நாட்டில் இன்னும் அழியவில்லை என்பதற்கு அதுவே சான்று.

பிரதான பாதைகளுக்கு நீராவி திரும்புவது நடவாத காரியம். மலைப் பாதைகளில் அதைக் காப்பாற்றுவதற்கோ கைத்திறன் வேண்டும். கொதிகலன் தொழிலில் தேர்ந்த தொழிலாளர்கள் ஓய்வு பெறுமுன் அடுத்த தலைமுறைக்குப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். ஹைட்ரஜனுக்கு நிதி ஒதுக்கும் ரயில்வே அமைச்சகம், இதற்கும் ஒரு பங்கை ஒதுக்க முன்வருமா என்பதே கேள்வி.